சீனத்துப் பழங்கவிதைகளில் அறிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பாடத்தைத் தொடங்கும் முன் பழைய சீனக் கவிதை ஒன்றைத் தமிழில் கரும்பலகையில் எழுதிப்போடுவது சில வருடங்களாகவே எனக்குப் பழக்கம். மாணவர்கள், உடன் வேலை செய்பவர்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் என எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே வரும் கவிதைகள் பொருளை மட்டும் சொல்லும் உரைநடை. மூலத்தின் ஓசைக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

கவிதைக்கும் இயற்பியலுக்கும் என்ன சார் சம்பந்தம்?

ஒரு கவிதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். சென் யூயி என்ற கவிஞர் (1090–1138) படகில் போகிறார். "இரு கரையிலும் பறக்கும் பூக்கள் படகைச் சிவப்பாக்குகின்றன. எல்ம் மரங்கள் நிற்கும் கரையோரம் நூறு லீ தூரம், அரை நாள் காற்று. மல்லாந்து படுத்துப் பார்த்தால் வானம் நிறைய மேகம், அசையாமல் நிற்கிறது. மேகமும் நானும் சேர்ந்தே கிழக்கே போகிறோம் என்பது தெரியாமல் போயிற்று."

சார்பியக்கம் பற்றிப் பதினோராம் வகுப்பில் அரை மணி நேரம் பேசுவதை இந்தக் கடைசி இரண்டு வரி சொல்லிவிடுகிறது. ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும் இரண்டு பொருள்களில் ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்தால் அது நிற்பதுபோலத் தெரியும். பக்கத்துத் தண்டவாளத்தில் நம்மோடு ஓடும் ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேகம் வெகு தொலைவில் இருப்பதால் சின்ன வேக வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதும் ஒரு காரணம். லீ என்பது ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அதன்படி அந்தப் படகு அரை நாளில் 50 கிலோமீட்டர் போயிருக்கிறது.

இதெல்லாம் எந்தக் காலத்துக் கவிதைகள்?

மிகப் பழையது 'கவிதைகளின் நூல்' எனப்படும் ஷி சிங். அதிலுள்ள பாடல்கள் கி.மு. 11 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதிகம் எடுத்துக்காட்டுவது தாங் காலமும் (618–907) சோங் காலமும் (960–1279). அதற்குப் பிந்திய மிங் காலத்துக் கவிதை ஒன்றும் கீழே வருகிறது.

நாலே வரியில் அப்படி என்ன கவனிப்பு இருந்துவிடப் போகிறது?

பை ஜூயி (772–846) எழுதிய 'இரவுப் பனி'யைப் பாருங்கள். "போர்வையும் தலையணையும் சில்லிட்டிருக்கிறதே என்று வியந்தேன். அப்புறம் பார்த்தால் சன்னல் வெளிச்சமாக இருக்கிறது. நடு இரவில் பனி கனமாகப் பெய்திருப்பது தெரிகிறது: அவ்வப்போது மூங்கில் முறியும் சத்தம்."

அவர் எழுந்து போய் வெளியே பார்க்கவே இல்லை. முதலில் உடம்பு குளிரை உணர்கிறது. அடுத்துக் கண்: புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், அதனால் இருட்டிலும் சன்னல் வெளுத்திருக்கிறது. கடைசியாகக் காது: மூங்கில் இலைகள் குளிர்காலத்திலும் உதிர்வதில்லை, பனி அவற்றின்மேல் சேர்ந்து பாரம் தாங்காமல் தண்டு ஒடிகிறது. புதுப்பனி நுண்துளைகள் நிறைந்தது, மற்றச் சத்தங்களை உறிஞ்சிக்கொள்ளும். ஊரே அடங்கிக் கிடப்பதால் அந்த முறிவு தெளிவாகக் கேட்கிறது. மூன்று தடயங்களை வைத்து ஒரு முடிவுக்கு வருகிறார். சோதனைக்கூடத்தில் மாணவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான்.

நள்ளிரவுக் கோயில் மணி தூரத்துப் படகுவரை கேட்குமா? கவிஞர் சும்மா சொல்லியிருக்க மாட்டாரா?

சூஜோ நகரத்துக்கு வெளியே மேப்பிள் பாலத்தருகே படகைக் கட்டிவிட்டுத் தூக்கமின்றிக் கிடந்த ஜாங் ஜியின் கவிதை இது. எட்டாம் நூற்றாண்டு. "நிலா சாய்கிறது, காகம் கரைகிறது, வானமெல்லாம் உறைபனி. ஆற்றோர மேப்பிளும் மீனவர் விளக்கும், எதிரே கவலையோடு உறக்கம். சூஜோவுக்கு வெளியே குளிர்மலைக் கோயில். நள்ளிரவு மணியோசை பயணியின் படகை வந்தடைகிறது."

தாராளமாகக் கேட்கும். உறைபனி உண்டாக வேண்டுமானால் வானம் தெளிவாகவும் காற்று அடங்கியும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிரும், தரையை ஒட்டிய காற்றும் குளிரும், அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். மேலே வேகம், கீழே மந்தம் என்பதால் மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் இதற்கு நேர் எதிர்: ஒலி மேலே வளைந்து போய்விடும். இரவில் தூரத்து ரயில் சத்தம் பக்கத்தில் கேட்பதும் இதனால்தான்.

நிலாவையும் விடாதீர்கள். முதல் வரியில் நிலா மறைகிறது, கடைசி வரியில் நள்ளிரவு. நள்ளிரவை ஒட்டி மறைவது வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய அரைநிலா. ஆக, அது மாதத்தின் எந்த நாளாக இருக்கும் என்றுகூட ஊகிக்கலாம். 'வானமெல்லாம் உறைபனி' மட்டும் சரியில்லை. உறைபனி மேலிருந்து விழுவதில்லை, குளிர்ந்த பரப்பின்மேல் காற்றின் ஈரம் நேரடியாகப் படிந்து உண்டாவது. அந்தக் காலத்தில் அது வானத்திலிருந்து இறங்குகிறது என்றே நினைத்தார்கள்.

நள்ளிரவில் யாராவது கோயில் மணி அடிப்பார்களா?

இதை நமக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். சோங் காலத்து அறிஞர் ஒயாங் ஷியு (1007–1072), வரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மணி அடிக்கும் நேரமில்லையே என்று குறை சொன்னார். பின்னால் வந்தவர்கள் சூஜோ பக்கத்துக் கோயில்களில் நள்ளிரவு மணி வழக்கம் இருந்ததையும், வேறு தாங் கவிஞர்களும் அதைச் சொல்லியிருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். கவிதை வரி ஒன்றை உண்மையா என்று சரிபார்க்கும் பழக்கம் சீனாவில் ஆயிரம் வருடப் பழக்கம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மலைமேல் மட்டும் பீச் மரம் தாமதமாகப் பூத்தது ஏன்?

817ஆம் ஆண்டு, நான்காம் மாதம். பை ஜூயி அப்போது ஜியாங்ஜோவில் அதிகாரி. பக்கத்திலிருக்கும் லூ மலைமேல் தாலின் கோயிலுக்குப் போகிறார். "கீழே நான்காம் மாதம் பூவெல்லாம் முடிந்தது. மலைக் கோயிலில் பீச் இப்போதுதான் பூத்துக் குலுங்குகிறது. வசந்தம் எங்கே போயிற்று, தேடக் கிடைக்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். அது இங்கே வந்துவிட்டது தெரியாமல்!" அந்தப் பயணத்தைப் பற்றி உரைநடையிலும் ஒரு குறிப்பு எழுதினார். ஓடைக்கரைப் புல் இன்னும் குட்டையாக இருக்கிறது, கோடை தொடங்கியும் இங்கே ஆண்டின் முதல் இரண்டு மாதங்கள்போல இருக்கிறது, வேறோர் உலகத்துக்கு வந்ததுபோல இருந்தது என்கிறார். குட்டைப் புல்லைப் பார்த்து எழுதுகிறவர் கண்ணை நம்பலாம்.

ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மொட்டு விரிவதற்கு வேண்டிய வெப்பம் சேர மலைமேல் கூடுதல் நாளாகும், அவ்வளவுதான். இதை விளக்கியவர் பை ஜூயிக்கு இரண்டு நூற்றாண்டு பிந்திய ஷென் குவோ (1031–1095). வானியல், நிலவியல், காந்த ஊசி என்று பலவற்றையும் ஆராய்ந்த மனிதர். மூலிகைகளைக் குறிப்பிட்ட மாதத்தில்தான் பறிக்க வேண்டும் என்ற விதியை அவர் மறுத்தார். சமவெளியில் மூன்றாம் மாதம் பூப்பது ஆழ்மலையில் நான்காம் மாதம் பூக்கும் என்று எழுதி, சான்றாக இந்தக் கவிதையின் முதல் இரண்டு வரியைத்தான் வைத்தார். நிலத்தின் உயரம் வேறுபடுவதே காரணம் என்றும் சொன்னார். அறிவியல் வாதம் ஒன்றில் கவிதை சாட்சி சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பூ வாசனைக்கும் வெயிலுக்கும் தொடர்பு சொல்லும் கவிதை ஒன்று உண்டாமே?

லு யோ (1125–1210) எழுதியது. "பூ வாசனை ஆளைத் தாக்குகிறது: திடீரென்று சூடேறியிருப்பது தெரிகிறது." வெப்பம் கூடினால் பூவின் நறுமண எண்ணெய் அதிகமாக ஆவியாகும், மூலக்கூறுகளும் வேகமாகப் பரவும். வெப்பமானி இல்லாத காலத்தில் மூக்கே வெப்பமானி. சீனப் பள்ளிகளில் பரவல் பாடத்துக்குக் கேள்வித்தாளில் அடிக்கடி வரும் வரி இது.

லி பாயின் அருவி மூவாயிரம் அடி நேராக விழுகிறதாம். பொய்தானே?

நம் இலக்கணத்தில் இதற்கு உயர்வு நவிற்சி அணி என்று பெயர். லூ மலை அருவியைப் பார்த்து, "பறந்து நேரே இறங்குகிறது மூவாயிரம் சீ, ஒன்பதாம் வானத்திலிருந்து வெள்ளியாறு விழுந்ததோ" என்றார் லி பாய் (701–762). வெள்ளியாறு என்பது பால்வீதி. நாம் ஆகாய கங்கை என்றோம், அவர்களும் அதை ஆறாகவே பார்த்தார்கள்.

ஒரு சீ ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். மூவாயிரம் என்றால் 900 மீட்டர். லூ மலையின் மிக உயர்ந்த சிகரமே 1474 மீட்டர்தான், அவ்வளவு நீண்ட அருவி அங்கே கிடையாது. ஆனாலும் வகுப்பில் இதை வைத்துக் கணக்குப் போடச் சொல்வேன். காற்றே இல்லையென்றால் 900 மீட்டர் விழ 13 விநாடிக்கு மேல் ஆகும், கீழே வரும்போது வேகம் மணிக்கு 480 கிலோமீட்டரை நெருங்கும். காற்று இருப்பதால் நீர் சிதறித் துளியாகி, மழைத்துளிபோல விநாடிக்குப் பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். உயரமான அருவிகள் கீழே வருவதற்குள் புகையாக மாறுவது அதனால்தான். முதல் வரியில் லி பாய் அதையும் பார்த்திருக்கிறார்: வெயில் பட்ட சிகரத்தில் ஊதா நிறப் புகை.

'இன்னும் ஒரு மாடி ஏறு, ஆயிரம் லீ தெரியும்' என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

போட்டோம். வாங் ஜிஹுவான் (688–742) மஞ்சளாற்றங்கரை நாரைக் கோபுரத்தில் நின்று எழுதியது. "வெண்சூரியன் மலையோடு சேர்ந்து மறைகிறது. மஞ்சளாறு கடலுக்குள் ஓடுகிறது. ஆயிரம் லீ தூரத்தையும் கண்ணால் அளக்க வேண்டுமா? இன்னும் ஒரு மாடி ஏறு."

பூமி உருண்டை என்பதால் அடிவானத்தின் தூரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மீட்டரில் உயரத்தை எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து 11 கிலோமீட்டர். தூரம் இரட்டிப்பாக உயரம் நான்கு மடங்காக வேண்டும். ஆயிரம் லீ, அதாவது 500 கிலோமீட்டர் பார்க்க ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரம் வேண்டும். எவரெஸ்டை இரண்டாக அடுக்கினாலும் போதாது. ஷென் குவோ காலத்தில் அந்தக் கோபுரத்துக்கு இருந்தது மூன்றே மாடி. 2002இல் திறந்த புதிய கோபுரம் 73.9 மீட்டர், அதன் உச்சியிலிருந்தும் 30 கிலோமீட்டர்தான் அடிவானம். ஆனால் உயரம் கூடினால் பார்வை விரியும் என்ற திசை சரி, மாணவர்கள் இதில் கற்கும் வர்க்கமூல விதியும் மறப்பதில்லை.

வசந்தத்தில் ஆறு வெதுவெதுப்பானதை வாத்துதான் முதலில் அறியுமாமே?

சூ ஷி 1085இல் எழுதிய வரி. நீரின் வெப்ப ஏற்புத்திறன் அதிகம், காற்று சூடேறிய பிறகும் ஆறு மெதுவாகத்தான் சூடேறும். அதில் நாளெல்லாம் காலை வைத்திருக்கும் பிராணிக்கு அந்த மாற்றம் தெரியும் என்பது சரியான யோசனை. ஆனால் இது ஆற்றங்கரையில் நின்று எழுதியதில்லை. ஹுய்சோங் என்ற துறவி வரைந்த ஓவியத்தைப் பார்த்து எழுதியது! இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வேதியியல் உள்ள கவிதை ஏதாவது இருக்கிறதா?

யூ சியான் (1398–1457) பெயரில் வழங்கும் சுண்ணாம்புக் கவிதை. "ஆயிரம் சம்மட்டி, பத்தாயிரம் உளி அடி பட்டு ஆழ்மலையிலிருந்து வந்தேன். கொழுந்துவிடும் தீயில் வெந்தாலும் எனக்குச் சாதாரணம். எலும்பு பொடியாகி உடல் நொறுங்கினாலும் துளி பயமில்லை. வெண்மையை மட்டும் மனிதர் நடுவில் விட்டுச் செல்வேன்."

நான்கு வரியும் நான்கு கட்டம். கல் உடைப்பது முதல் கட்டம். இரண்டாவது, காளவாயில் சுடுவது: 900 டிகிரி அளவில் கால்சியம் கார்பனேட் பிரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், சுத்தமான 100 கிலோ கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகும். மூன்றாவது, நீற்றுவது: சுட்ட கல்மேல் தண்ணீர் விட்டால் சுர்ரென்று கொதித்து, ஆவி கிளம்பி, விரல்பட்டாலே உதிரும் மாவாகிவிடும். 'எலும்பு பொடியாகி' என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்பது சுண்ணாம்பு நீற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்காவது, சுவரில் அடித்த வெள்ளை. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகிவிடுகிறது. மலையில் இருந்த அதே பொருள், சுவருக்கு வந்து சேர்கிறது.

'வெண்மை' என்பதற்கு அவர் ஆண்ட சீனச் சொல்லுக்குக் களங்கமின்மை என்றும் பொருள். நாமும் வெள்ளை மனசு என்கிறோமே. 1449இல் மங்கோலியர் பெய்ஜிங்கை முற்றுகையிட்டபோது நகரைக் காத்தவர் யூ சியான். 1457இல் துரோகி என்று குற்றம் சாட்டி அவரைக் கொன்றார்கள், பின்னால் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு நான்காம் வரியைப் படித்தால் மனம் கனத்துப் போகும்.

சிச்சுவான் கவிதைகளில் மழை ஏன் எப்போதும் ராத்திரியே பெய்கிறது?

து ஃபூ 761இல் செங்துவில் எழுதினார்: "நல்ல மழைக்குப் பருவம் தெரியும்... காற்றோடு சேர்ந்து இரவுக்குள் நழுவி வரும், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் நனைக்கும்." அடுத்த நூற்றாண்டில் லி ஷாங்யின், "எப்போது திரும்புவாய் என்று கேட்கிறாய், நாள் தெரியவில்லை. பா மலைகளின் இரவு மழையில் கூதிர்காலக் குளம் நிரம்புகிறது" என்றார்.

அந்தப் பகுதியில் உண்மையிலேயே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இரவில்தான் பெய்கிறது. சுற்றிலும் மலை, நடுவே கிண்ணம்போன்ற தாழ்நிலம், ஈரம் தேங்கிய காற்று. இரவில் மலைச்சரிவுகள் குளிர்ந்து, குளிர்காற்று கிண்ணத்துக்குள் இறங்கி, அங்கே உள்ள ஈரமான வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளுகிறது. அதோடு மேகத்தின் மேற்பகுதி வெப்பத்தை இழந்து குளிர்வதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இதைக் கவிஞர்களின் சோகமென்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் மாதம் 'நெருப்பு பாய்கிறது' என்றால் கடும் வெயில் என்றுதானே அர்த்தம்?

சீனாவிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஷி சிங்கில் வரும் இந்த வரியில் 'நெருப்பு' ஒரு நட்சத்திரம். நாம் கேட்டை என்று சொல்லும் சிவந்த நட்சத்திரம். மாலை வானில் அது மேற்கே சாய ஆரம்பித்தால் வெயில் குறையப் போகிறது என்று பொருள். ஒன்பதாம் மாதம் குளிருக்குத் துணி கொடுப்பதைத்தான் அடுத்த வரி சொல்கிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறிக்கொண்டிருக்கும் அயன சலனத்தால் இன்று கேட்டை அதே இடத்துக்கு வரும் பருவம் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் 36 பாகை வரும்.

கிரகணம் பற்றிய கவிதை உண்டா? அதை வைத்துத் தேதி சொல்ல முடியுமா?

அதே நூலில் 'பத்தாம் மாதச் சந்திப்பு' என்ற பாடல். மாதத்தின் முதல் நாள், அறுபது நாள் சுழற்சியில் 28ஆவது நாள், சூரியனைக் கிரகணம் பிடித்தது என்று தெளிவாகச் சொல்கிறது. சீன மாதம் அமாவாசையன்று தொடங்கும், அமாவாசையில்தான் சூரிய கிரகணம் வரும் என்பதோடு இது பொருந்துகிறது. இந்தக் குறிப்பை வைத்துப் பலர் கி.மு. 776 என்றும், வேறு சிலர் கி.மு. 735 என்றும் கணித்திருக்கிறார்கள். சந்திரனைக் கிரகணம் பிடித்தால் சாதாரணம், சூரியனைப் பிடித்தால்தான் கேடு என்றும் பாட்டு சொல்கிறது. ஓரிடத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சந்திர கிரகணம் அடிக்கடி தெரியும் என்பதால் அது பழகிப்போயிருக்கிறது. அதே பாட்டில் "உயர்ந்த கரை பள்ளமாயிற்று, ஆழ்ந்த பள்ளம் மேடாயிற்று" என்று நிலநடுக்கமும் வருகிறது.

கவிஞர்கள் தப்பாகச் சொன்னதும் உண்டா?

உண்டு. உறைபனியை மேலே சொன்னேன். லி ஷாங்யின், "வசந்தப் பட்டுப்புழு சாகும்வரை இழை ஓயாது" என்றார். புழு சாவதில்லை, கூட்டுக்குள் கூட்டுப்புழுவாகி அப்புறம் அந்துப்பூச்சியாகும். நாம் வெந்நீரில் போட்டால்தான் சாகும். சீனத்தில் 'இழை'யும் 'ஏக்கம்' என்ற சொல்லும் ஒரே ஓசை என்பதால் அந்த வரி அவருக்குத் தேவைப்பட்டது. மட்கிய புல்லிலிருந்து மின்மினி பிறக்கும் என்ற பழைய நம்பிக்கையும் கவிதைகளில் உண்டு. மின்மினி ஈரமான புல்லடியில் முட்டையிடும். பார்த்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு.

நிலா பூமியைச் சுற்றுகிறது என்று ஒரு கவிஞர் முன்பே கண்டுபிடித்தாராமே?

ஷின் சிஜி (1140–1207) நடுக்கூதிர் விழா இரவில் விடியும்வரை நண்பர்களோடு குடித்துக்கொண்டிருந்தார். நிலா வருவதற்குக் காத்திருக்கும் பாட்டு நிறைய உண்டு, நிலாவை வழியனுப்பும் பாட்டு இல்லையே என்று ஒருவர் சொல்ல, இவர் எழுதினார்: "பாவம் இன்றைய நிலா, எங்கே போகிறாய் இவ்வளவு தூரம்? அந்தப் பக்கம் இன்னொரு மனித உலகம் இருக்கிறதா, அங்கே இப்போதுதான் கிழக்கில் உன் ஒளி தெரிகிறதா?" இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் விமர்சகர் வாங் குவோவெய், நிலா பூமியைச் சுற்றும் உண்மையைக் கவிஞர் கற்பனையால் நேரே உணர்ந்தார், அது விஞ்ஞானத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு.

எனக்கு அது கொஞ்சம் மிகை. ஷின் சிஜி கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை, கேட்கிறார். வானம் பூமிக்கு அடியிலும் சுற்றி வருகிறது என்ற கொள்கை சீனாவில் அவருக்கு ஆயிரம் வருடம் முந்தியது. ஆனால் பாட்டின் பிற்பகுதி அருமை. நிலா கடலடி வழியாகப் போகிறது என்கிறார்களே, அப்படியானால் சீனக் கதைகள் சொல்லும் நிலாவிலுள்ள தேரை நீந்திவிடும், முயலுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அது உண்மையானால் அடுத்து என்ன ஆகும் என்று சோதிக்கிறார். அவர் பின்பற்றியது சூ யுவானின் 'வானத்துக்குக் கேள்விகள்' என்ற கேள்வி மட்டுமே நிறைந்த பழங்கவிதையின் வடிவத்தை. 2020இல் சீனா செவ்வாய்க்கு அனுப்பிய தியன்வென்-1 கலத்தின் பெயரும் அந்தக் கவிதையுடையதுதான்.

விஞ்ஞானியாகவே இருந்த கவிஞர் யாராவது?

ஜாங் ஹெங் (78–139). இரண்டு தலைநகரங்களைப் பற்றிய நீண்ட கவிதைகளால் புகழ்பெற்றவர். 132இல் நிலநடுக்கம் வந்த திசையைக் காட்டும் கருவியை அரசவையில் வைத்தார். நிலாவின் ஒளி சூரியனிடமிருந்து வருவது என்றும் எழுதினார்.

இதெல்லாம் இப்போது நாம் ஏற்றிச் சொல்வதுதானே? அவர்களுக்கு அறிவியலே தெரியாதே?

நியாயமான கேள்வி. ஜாங் ஜிக்கு ஒலி விலகல் தெரியாது, லு யோவுக்கு மூலக்கூறு தெரியாது. 'அந்தக் காலத்திலேயே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களிடம் இருந்தது பிசகாத கவனிப்பு. காரணம் சொல்வது பிறகு வந்தவர்களின் வேலை. அந்த வேலைக்கு அவர்கள் வரிகள் பயன்பட்டிருக்கின்றன என்பதைத்தான் பீச் மரத்தைப் பற்றிய பதிலில் பார்த்தோம்.

இன்றைய விஞ்ஞானிகள் உண்மையிலேயே கவிதையைப் பயன்படுத்துகிறார்களா?

சீன வானிலை அறிவியலின் முன்னோடி ஜு கெஜென் (1890–1974) பயன்படுத்தினார். 1972இல் அவர் வெளியிட்ட ஆய்வு, சீனத்தின் ஐயாயிரம் வருடத் தட்பவெப்பத்தைப் பற்றியது. கருவிகளின் பதிவு 1900க்குப் பிறகுதான் ஒழுங்காகக் கிடைக்கும். அதற்கு முன் அகழாய்வு, பூப்பதும் பறவை வருவதுமான பருவக் குறிப்புகள், ஊர் வரலாறுகள். பருவக் குறிப்புகளில் கவிதைக்குப் பெரிய இடம். தாங் காலத்தில் தலைநகர் சாங்கானில் பிளம் மரம் பூத்ததைக் கவிதைகள் சொல்கின்றன. சோங் காலத்துக்கு வந்தால் அதே பகுதியில் பிளம் இல்லை என்கிறார் சூ ஷி. பிளம் பூவைப் பார்த்த வடக்கத்தியர் அதை ஆப்ரிகாட் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்கிறார் வாங் அன்ஷி. இடையில் வடக்கே குளிர் கூடியிருக்கிறது என்று முடிவு செய்தார் ஜு கெஜென். அவருடைய சில முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள், வழிமுறை நிலைத்துவிட்டது.

அண்மையில், 2025இல், யாங்சி ஆற்றில் வாழும், ஓங்கிலுக்கு (டால்பின்) உறவான, முதுகுத் துடுப்பில்லாத பொர்ப்பாய்ஸ் என்ற விலங்கைப் பற்றி ஆய்வு வந்தது. அதைக் குறிப்பிடும் 724 பழங்கவிதைகளைத் திரட்டி, எந்தக் காலத்தில் எங்கெல்லாம் இருந்தது என்று வரைபடமாக்கினார்கள். 1400 வருடத்தில் அதன் வாழிடப் பரப்பு 65 சதவீதம் சுருங்கியிருக்கிறது.

கவிதையை நம்பித் தரவு எடுத்தால் ஏமாந்துபோக மாட்டோமா?

ஏமாறலாம். அந்த வாத்து வரி ஓவியத்தைப் பார்த்து எழுதியது என்று சொன்னேனே, அதை ஆற்றங்கரைக் குறிப்பாக எடுத்தால் தவறு. இன்னும் சிக்கலானது லி பாய் 759இல் எழுதியது. நாடுகடத்தப்பட்டுப் போகும் வழியில் மன்னிப்புச் செய்தி வருகிறது, படகைத் திருப்புகிறார். "வண்ண மேகங்களின் நடுவே பைதியைக் காலையில் பிரிந்தேன். ஆயிரம் லீ தூரத்து ஜியாங்லிங்குக்கு ஒரே நாளில் திரும்பினேன். இரு கரையிலும் கிப்பன்களின் கூவல் ஓயவில்லை. அதற்குள் இலேசான படகு பத்தாயிரம் மலைகளைக் கடந்துவிட்டது."

பைதிக்கும் ஜியாங்லிங்குக்கும் நடுவே யாங்சி ஆறு பாயும் மூன்று பள்ளத்தாக்கில் நீரோட்டம் பயங்கர வேகம், உண்மை. கிப்பன் என்பது உரக்கக் கூவும் வாலில்லாக் குரங்கு. ஆனால் காலையில் பைதி, மாலையில் ஜியாங்லிங் என்பது இவருக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய ஆற்று நூலிலேயே இருக்கிறது. கிப்பன் மூன்று முறை கூவினால் ஆடை கண்ணீரில் நனையும் என்ற மீனவர் பாட்டும் அதில் இருக்கிறது. ஆக, கிப்பன் கூவல் என்றாலே துயரம் என்பது கவிஞர்களிடம் ஊறிப்போன வழக்கு. ஒருவர் கூவலைக் கேட்காமலே எழுதியிருக்கலாம். அதனால் தனிக்கவிதையை நம்பக் கூடாது. ஊர்ப்பெயரும் நாளும் சொல்லும் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, பல கவிஞர்களை ஒப்பிட்டு, உரைநடைப் பதிவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அந்தக் கரைகளில் கிப்பன்கள் நிறைய இருந்தன என்பது உறுதிப்படுகிறது.

இன்று அங்கே ஒன்றுகூட இல்லை. அணை வந்து ஆறு ஏரியாகிவிட்டது, பைதி நீர் சூழ்ந்த தீவு. சீனாவில் காட்டுக் கிப்பனின் கூவலைக் கேட்க யுன்னான், குவாங்சி, ஹைனான் காடுகளுக்குத்தான் போக வேண்டும்.